ஷெஃபீல்டின் 2 பென்ஸ் பேருந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1913இல் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகு, 1980ஆம் ஆண்டு எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம், ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியது எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் எழுபதுகளின் கடைசியில் அங்கே சிறுபிள்ளையாக இருந்த யாரிடமாவது கேட்டிருந்தால், முதலில் பேருந்துக் கட்டணத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். அதற்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

அப்பாவுக்கு அங்கே மருத்துவமனையில் வேலை. வாக்லி மேட்டில் வீடு. ஊரே ஏற்ற இறக்கம்தான், நடந்தால் மூச்சு வாங்கும். பிள்ளைகளுக்குப் பேருந்தில் 2 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு). எவ்வளவு தூரம் போனாலும் அதே 2 பென்ஸ்தான். சனிக்கிழமை காலையில் அம்மா தரும் சில்லறையை வைத்துக்கொண்டு நானும் அக்காவும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். வெஸ்டன் பார்க் அருங்காட்சியகத்துப் பனிக்கரடி, எக்லசால் காட்டில் வசந்தத்தில் தரை முழுக்கப் பூக்கும் நீலப் பூக்கள், காசில் மார்க்கெட்டின் மீன் வாடை, இவையெல்லாம் அந்தச் சில்லறையில் பார்த்தவை. கார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் நகரம் முழுவதும் சொந்தமாக இருந்தது.

இது தானாக அமைந்ததல்ல. ஷெஃபீல்டையும் சுற்று ஊர்களையும் சேர்த்து 1974இல் உருவான தெற்கு யார்க்‌ஷயர் கவுன்சில் வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. விலைவாசி எகிறிய காலத்தில் கட்டணத்தை மட்டும் ஏற்றாமல், பற்றாக்குறையைச் சொத்து வரியிலிருந்து ஈடுகட்டினார்கள். லண்டனில் ஆண்ட தொழிற்கட்சி அரசுக்கே அது பிடிக்கவில்லை. அப்புறம் வந்த தாட்சர் அரசைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வரி கட்டிய கார்க்காரர்களும் முணுமுணுத்தார்கள், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் மற்ற ஊர்களில் பேருந்தில் கூட்டம் குறைந்துகொண்டே போனபோது இங்கே மட்டும் குறையவில்லை. லண்டன் மாநகர கவுன்சில் 1981இல் கட்டணத்தைக் குறைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் நீதிபதிகள் அது செல்லாது என்றார்கள். எங்கள் ஊரில் திட்டம் அதற்குப் பிறகும் ஓடியது.

1986 ஏப்ரலில் அந்தக் கவுன்சிலையே கலைத்தார்கள். கட்டணம் ஒரே தாவலில் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. அக்டோபரில் உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் தன் விருப்பப்படி பேருந்து சேவை நடத்தலாம் என்று சட்டமும் மாறியது. ஆலைகள் மூடியதால் நகரம் சோர்ந்தது என்று கட்டுரையாளர் எழுதுகிறார். வேலை இல்லாத வீட்டிலிருந்து வேலை தேடிப் போகும் பேருந்தும் எட்டாத விலைக்குப் போனதை அவர் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, படத்தின் கீழே ‘சுரங்கப்பாதை’ என்று போட்டிருப்பது காசில் சதுக்கம். ஊர்க்காரர்கள் அதை ‘ரோட்டு ஓட்டை’ என்றுதான் சொல்வார்கள். 1967இல் கட்டியது. மேலே வண்டிகள் வட்டமடிக்கும். கீழே நடப்பவர்களுக்கு வானம் தெரியும் வட்டமான முற்றம். சுவரில் பெரிய மீன் தொட்டி ஒன்று பதித்திருந்தார்கள். யாரைச் சந்திப்பதென்றாலும் ‘மீன் தொட்டிகிட்ட நில்லு’ என்பார்கள். கடைசிக் காலத்தில் மூத்திர நாற்றம், இருட்டு. அம்மா அந்தப் பக்கமே போகக்கூடாது என்பார். டிராம் விடுவதற்காக 1994இல் மூடிவிட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் கட்டுரையில் ஒன்றும் இல்லை. ஆரஞ்சு நிற லேபிள் ஒட்டிய ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ் என்ற கறுப்புக் குழம்பு அந்த ஊரின் உயிர். ‘பை’ (pie) என்ற மாவுப் பண்டத்திலும் சிப்ஸிலும் ஊற்றிக்கொள்வார்கள். அதில் புளி உண்டு, மீன் கிடையாது. சைவச் சமையல்காரியான அம்மா லேபிளைப் படித்துப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் அது தீர்ந்ததே இல்லை. உருளைக்கிழங்கு வறுவலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்துப் பேருந்து ஓட்டுநர்கள், நடத்துநர்கள் சிலரையாவது தேடிப் பேசச் சொல்லுங்கள். அவர்களில் பலர் பாகிஸ்தானிலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் வந்து வேலையில் சேர்ந்தவர்கள். ஆலை முதலாளிகளைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோயம்புத்தூர்