சீட்டு எழுதுகிறவர் என் தம்பியின் கையைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநல மருந்துகளை இனி செயற்கை நுண்ணறிவே எழுதிக் கொடுத்துவிடும், ஓபி வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டாம் என்ற தொனியில் உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் லித்தியம் என்ற மனநல மாத்திரை சாப்பிடுகிற ஆள் யாரும் அவர் வீட்டில் இல்லை என்று நினைக்கிறேன். என் வீட்டில் இருக்கிறான்.

என் தம்பி காசிமேட்டில் படகு இன்ஜின் மெக்கானிக். அவனுக்கு இருமுனைக் கோளாறு, டாக்டர்கள் பைபோலார் என்பார்கள். சில மாதம் உலகத்தையே விலைக்கு வாங்குவதுபோல் இருப்பான், சில மாதம் பாயை விட்டு எழ மாட்டான். லித்தியம் ஆரம்பித்த பிறகு நடுவில் நிற்கிறான். அப்பா அம்மா போன பிறகு தண்டையார்பேட்டையில் என்னோடுதான் இருக்கிறான். நான் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றும் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாதா மாதம் அரை நாள் லீவு போட்டு அவனை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போவது நான்தான்.

புது நோயாளிக்கு டாக்டர் எழுதட்டும், நிலையாக இருப்பவர்களின் பழைய சீட்டைப் புதுப்பிப்பதை மட்டும் ஏஐ பார்த்துக்கொள்ளலாம், அதில் என்ன ஆபத்து என்று கட்டுரையில் கேட்டிருந்தார்கள். என்ன ஆபத்து என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகெல்லாம் கரையில் நிற்பதால் மெக்கானிக்குக்கு அதுதான் சீசன். அதுவேதான் கத்திரி வெயிலும். இன்ஜின் இருக்கும் அடித்தட்டுக்குள் இறங்கி ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் சட்டையைப் பிழியலாம். லித்தியமும் உப்பு வகைதான். வியர்வையிலோ வயிற்றுப்போக்கிலோ உடம்பு உப்பையும் தண்ணீரையும் இழந்தால், சிறுநீரகம் மிச்ச உப்பைப் பிடித்து வைப்பதோடு லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடும். வலி மாத்திரைகளில் ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியானவையும் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கும். ரத்தத்தில் அது வழக்கமாக 0.6-லிருந்து 1.0 வரை இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் விஷம். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே இவ்வளவு குறுகலான இடம் உள்ள மாத்திரைகள் அதிகம் இல்லை.

போன வருடம் தடைக்காலத்தில் அவனுக்கு இடுப்பு வலி. பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைக் காலையும் ராத்திரியும் போட்டுக்கொண்டிருக்கிறான். கூடவே வயிறும் சரியில்லை. மாதாந்திர ஓபி நாள் வந்தது. டாக்டர் கேட்டார், "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன் சார்." "வேற மாத்திரை ஏதாவது எடுத்துக்கறீங்களா?" "இல்ல சார்." பொய் சொல்லவில்லை அவன். இடுப்பு வலிக்குப் போடுவதையெல்லாம் அவன் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

டாக்டர் அதோடு விடவில்லை. "கையை நீட்டுங்க" என்றார். நீட்டினான். விரல்கள் நடுங்கின. வழக்கமாக இருக்கும் மெல்லிய நடுக்கம் இல்லை, டீ டம்ளரைப் பிடிக்க முடியாத நடுக்கம். "அந்தக் கதவு வரைக்கும் நடந்து வாங்க." கொஞ்சம் தள்ளாடினான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, வீட்டுல என்ன நடக்குது?" என்றார். அவன் பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டு, பாதி காலியான அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அன்றே ரத்தம் எடுத்தார்கள். 1.8. வார்டில் சேர்த்து, லித்தியத்தை நிறுத்தி, சலைன் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

இதையே ஒரு செயலியிடம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே கேள்விகள் திரையில் வந்திருக்கும். அவனும் அதே பதில்களைத் தட்டியிருப்பான். நோயாளி நிலையாக இருக்கிறார், சீட்டு புதுப்பிக்கப்பட்டது. எங்கள் ஆபீஸில் தினமும் பார்க்கிறேன். வண்டி துறைமுகத்துக்குள் போய்விட்டது என்று கம்ப்யூட்டரில் பச்சை எரியும், டிரைவருக்குப் போன் போட்டால் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு யாரோ தட்டிவிட்டதைத்தான் அது காட்டும்.

இன்னொன்றும் நடந்தது. அது இதற்கும் முந்திய மழைக்காலம். தம்பி மந்தமாகிக்கொண்டிருந்தான், வேலைக்குப் போகவில்லை. ராத்திரியெல்லாம் போனில் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தான். இலவசமாகக் கிடைக்கிற ஒரு ஏஐ செயலியோடு பேசிக்கொண்டிருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பேச்சு முழுவதையும் படித்தேன். உண்மையைச் சொன்னால், அவனிடம் அவ்வளவு பொறுமையாக யாரும் பேசியதில்லை, நான் உள்பட. தூக்கம் எப்படி, பசி எப்படி, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்றெல்லாம் முறையாகக் கேட்டிருந்தது. கடைசியில் அவன் துருவித் துருவிக் கேட்கவும், மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஒரு மாத்திரையின் பெயரையும் ஆரம்ப டோஸையும் சொல்லி, மருத்துவரை அணுகவும் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தது.

இதற்கு முன்னால் எப்போதாவது தலைகீழாக, தூங்காமல் கொள்ளாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்தீர்களா என்று மட்டும் அது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருப்பானா என்பது வேறு விஷயம். ஆஸ்பத்திரியில் அவன் சொல்லத் தேவையில்லை. ஓரம் கிழிந்த அவனுடைய ஓபி நோட்டு சொல்லிவிடும்.

அந்தத் திரையைக் காட்டியே ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையை வாங்கிவிட்டான். சீட்டு கேட்கவில்லை. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் தனியாகப் போனால் சிலருக்கு அது மறுபக்கம் தூக்கி அடித்துவிடும். அப்போது லித்தியத்தை அவன் நிறுத்தியிருந்தான் என்பதும் பிறகுதான் தெரிய வந்தது. கொஞ்ச நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு என்னை எழுப்பி, "அக்கா, இனிமே நாம வாடகை வீட்டுல இருக்க வேணாம்" என்றான். ஃபைபர் படகு ஒன்றில் பங்கு வாங்க அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருந்தான். என் பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம் அது. படகுக்காரர் நல்ல மனிதர், பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

மனநோய்க்குச் சீட்டு எழுதும்போது பாதி விஷயம் நோயாளியின் வாயிலிருந்து வருவதில்லை. கூட வந்தவர் சொல்வது, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பது, மூன்று மாதத்தில் ஏறிய எடை, உட்கார முடியாமல் காலை ஆட்டிக்கொண்டே இருப்பது, இதெல்லாம்தான் டாக்டருக்குத் தகவல். நோய் முற்றுகிறபோது முதலில் கெட்டுப்போவதே தன்னைப் பற்றிச் சரியாகச் சொல்லும் திறமைதான். சர்க்கரைக்கு ஒரு மெஷின் நம்பர் காட்டும், பிரஷருக்குக் காட்டும். என் தம்பியின் மனதுக்கு அப்படி ஒரு மெஷின் இல்லை.

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஒரே அறை வீடுகளில் ஒரு போன்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் புருஷன் கையில். மனைவிக்கு மனசு சரியில்லை என்று செயலியில் தட்டப்போவது யார்? ஓபியில் ஒரு பெண் டாக்டர், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கண்ணா" என்று ஒரு கணவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதைப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் கையில் மாத்திரைச் சீட்டு இல்லை, சமூகப் பணியாளரிடம் போகச் சொல்லி எழுதிய துண்டுதான் இருந்தது. மாத்திரை வேண்டாம் என்று முடிவெடுப்பதும் மருத்துவம்தானே.

நம் நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலில், ஏஐ நோயாளிக்கு ஆலோசனை சொல்லவும் கூடாது, மருந்து எழுதவும் கூடாது, பதிவு பெற்ற மருத்துவருக்கு உதவியாக மட்டும் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. மனநல மருந்துகளின் அட்டையில் சிவப்புக் கோடு போட்டு, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்றும் அச்சடித்திருக்கும். அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகளை 2014-லிருந்து ஹெச்-1 பட்டியலில் வைத்திருக்கிறார்கள். யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று கடைக்காரர் தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். ஏட்டில் எல்லாம் சரி. எங்கள் தெருவில் போன் திரையே சீட்டாகிவிட்டது. அதிகாரபூர்வமாக ஏஐ மருந்து எழுதுகிறதா இல்லையா என்று டில்லியில் விவாதிக்கலாம், இங்கே கவுன்டரில் அது ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவைப் பார் என்கிறார் கட்டுரையாளர். பார்த்தேன். 2025 ஜனவரியில், மாநிலமும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அனுமதித்தால் ஏஐயும் மருந்து எழுதலாம் என்று ஒரு மசோதாவை அங்கே கொண்டுவந்தார்கள். யூட்டா மாநிலத்தில் 2026 தொடக்கத்தில் நாள்பட்ட நோய்களின் சீட்டை ஏஐயே புதுப்பிக்கும் சோதனையை அறிவித்தார்கள். அதே அமெரிக்காவில்தான் இல்லினாய் மாநிலம், ஏஐ தானாக மனநல சிகிச்சை அளிக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டது. கட்டுரையில் இந்தக் கடைசி விஷயத்தைக் காணோம்.

டாக்டர்கள் போதவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய ஆய்வின்படி வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது, அவர்களில் பெரும்பாலோருக்கு சிகிச்சை கிடைக்கவில்லை. 1794-லிருந்து மனநல மருத்துவமனை இருக்கிற ஊர் இது. இங்கேயே மூன்று நிமிடத்துக்கு ஒரு நோயாளி என்று ஓடுகிறது. "அம்மா, சீக்கிரம் சொல்லுங்க" என்று சில நாள் டாக்டரே கெஞ்சுவார். ஒன்றுமில்லாததற்கு ஏஐ மேல் இல்லையா என்று கேட்பவர்களின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மூன்று நிமிடத்தை ஐந்தாக்க இந்த இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள் என்பேன். லித்தியம் அளவு பார்த்து ஆறு மாதமாகிறது, தைராய்டும் சிறுநீரகமும் பரிசோதிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் எச்சரிக்கட்டும். பழைய நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்துக்குச் சுருக்கிக் கொடுக்கட்டும். ஓபிக்கு வராமல் விட்டவர்களின் பட்டியலை எடுத்துத் தரட்டும். கையெழுத்து மட்டும் பதிவு எண் உள்ள ஒரு மனிதருடையதாக இருக்கட்டும். தவறு நடந்தால் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்க எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

அலையாமல் மாத்திரை கிடைக்க வழி நம் ஊரிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறார். மாடி வீட்டுப் பாட்டியின் கால் வீக்கத்தை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். டாக்டர் எழுதிய மனநல மாத்திரைகளையும் அவரைப் போன்றவர்கள் வழியாக எல்லா வார்டிலும் கொடுக்கட்டும். கை நடுங்குகிறதா, தூங்குகிறாரா, வேறு என்ன மாத்திரை போடுகிறார் என்று பார்க்க நாலு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். நடு ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 இருக்கிறது, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழில் பேசலாம். அந்த எண்ணை எங்கள் பக்கத்து மெடிக்கல் ஷாப் எதிலும் ஒட்டியிருந்து நான் பார்த்ததில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வுக்கு வரும்போது ஹெச்-1 ரிஜிஸ்டரைப் புரட்டுவதோடு, சிவப்புக் கோடு போட்ட அட்டைகள் எந்தச் சீட்டுக்குப் போயின என்றும் கேட்டால் நல்லது.

கட்டுரையாளர் அடுத்து இதைப் பற்றி எழுதுவதற்கு முன் ஒரு நாள் காலையில் ஏதாவது ஒரு மனநல ஓபியில் வந்து உட்காரட்டும். எட்டு மணிக்கு முன்னால் வந்தால் பெஞ்சில் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.

(தம்பிக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் பெயரை வெளியிட வேண்டாம்.)