34 வயதில் தட்டடவு

அன்புள்ள மகனுக்கு,

பெங்களூரில் பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்திருப்பதாக நீ எழுதியதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஆனால், உன்னோடு நிற்கும் எட்டு வயதுப் பிள்ளைகள் மூன்றாங்கால வேகத்தில் சரளமாக ஆடும்போது, 34 வயதில் நீ, பாதத்தைத் தட்டி ஆடும் தட்டடவு என்ற அடிப்படை அசைவின் இரண்டாங்காலத்திலேயே தடுமாறுவதாகவும், நின்றுவிடலாமா என்று யோசிப்பதாகவும் அதே கடிதத்தில் சொல்லியிருக்கிறாய். தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் நாட்டியத்துக்குப் பாடியவள் என்ற உரிமையில் சொல்கிறேன், நிற்காதே.

இளமையில் தொடங்குவதன் பயனை நான் மறுக்கவில்லை. வீணை தனம்மாளின் பேத்தியான நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். தாய் ஜயம்மாள் பாட, கந்தப்ப பிள்ளை கற்பிக்க, இசையும் ஆட்டமும் நாள் முழுவதும் காதில் விழுந்த வீட்டில் வளர்ந்தவருக்கு வாய்த்தது நமக்கு வாய்க்காது. ஆனாலும் கோயிலிலும் செல்வர் வீடுகளிலும் ஆடப்பட்ட சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் சபா மேடைக்கு வந்த வரலாற்றில் முன்னால் நிற்கும் இருவர் வளர்ந்து ஆளான பின் கற்றவர்கள் என்பதை நீ அறிய வேண்டும். வழக்கறிஞரான இ. கிருஷ்ண ஐயர் நாடகத்தில் பெண் வேடம் ஏற்பவராக இருந்து, மேலட்டூர் நடேச ஐயரிடம் ஆடக் கற்று, நாட்டியத்தைப் பழித்தவர்களுக்குப் பதில் சொல்லும் விதமாகத் தாமே பெண் வேடத்தில் ஊர் ஊராக ஆடிக் காட்டினார். 1904இல் பிறந்த ருக்மிணி தேவி, ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவோடு ஏற்பட்ட பழக்கத்தால் முதலில் பாலே கற்றார். 1933இல் சென்னை மியூசிக் அகாதெமியில் பந்தநல்லூர்ப் பாணி ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935இல் அடையாற்றில் பலர் முன்னிலையில் ஆடினார். அப்போது அவருக்கு 31 வயது. அவருடைய நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ரா தொடங்கப்பட்டது அதற்கு அடுத்த மாதமே. இவர்களுக்குக் கற்பித்தவர்கள் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வை. ருக்மிணி தேவிக்கு இருந்த ஓய்வும் உன் மாலை நேரமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். வயது வந்தபின் உடம்பு புதிய ஒழுங்கை ஏற்காது என்ற உன் அச்சத்துக்கு மட்டுமே இந்தப் பதில்.

உன் சிரமத்தில் பெரும்பகுதி, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து மடக்கிப் பாதி தாழ்ந்து நிற்கும் அரைமண்டியில்தான் இருக்க வேண்டும். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர்களுக்கு இடுப்பின் முன்புறத் தசைகள் இறுகிவிடுவதால், அவர்கள் தாழ்ந்து அமர முயலும்போது இடுப்பு பின்னுக்குத் தள்ளி முதுகு வளைந்துவிடுகிறது. அதைவிடக் கெடுதலானது, கால்களின் விரிவை இடுப்பு மூட்டிலிருந்து கொண்டு வராமல் பாதங்களை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வது. பார்வைக்கு அரைமண்டி அழகாகத் தெரியும். ஆனால் முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும், ஒவ்வொரு தட்டும் அந்த முறுக்கின் மேல்தான் இறங்கும். பாத விரல்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றனவோ அந்தத் திசையிலேயே முழங்காலும் மடங்க வேண்டும். இடுப்பு மூட்டின் எலும்பு அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும், வளர்ந்தவர்களுக்கு அது மாறாது, தசைகள் மட்டுமே பழகப் பழக நெகிழும். ஆகவே பக்கத்தில் நிற்கும் சிறுமியின் ஆழத்தை நீ எட்டாமல் போகலாம். முதுகு நிமிர்ந்து, முழங்கால் சரியாக விரிந்து, சற்றே உயரமாக நிற்கும் அரைமண்டியை நல்ல ஆசிரியர் எவரும் குறை சொல்ல மாட்டார்.

அடுக்குமாடி வீட்டின் தரை கான்கிரீட் மேல் பதித்த ஓடு, அது அதிர்வை வாங்காமல் உன் காலுக்கே திருப்பிக் கொடுக்கும். வீட்டில் ஓங்கித் தட்டிப் பழகாதே. அதை மரத்தரை உள்ள இடத்துக்கு வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் பல மணி நேரம் ஆடுவதைவிட, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு தினமும் சிறிது நேரம் பழகுவதே உன் வயதுக்கு ஏற்றது.

மூன்றாங்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைகள் பார்த்ததை அப்படியே செய்கிறார்கள், பலருக்கு அது எந்தத் தாளத்தில் நடக்கிறது என்பது பின்னால்தான் தெரிய வருகிறது. நீயோ முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளக்கூடியவன். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும், அதாவது எண்ணிக்கைகளையும், கையில் போட்டுக்கொண்டு, “தெய்யா தெய்” என்ற தட்டடவின் சொற்கட்டை முதற்காலத்தில் சொல், கையின் வேகத்தை மாற்றாமல் இரண்டாங்காலத்தில் இரட்டித்துச் சொல், பிறகு மூன்றாங்காலத்தில் மீண்டும் இரட்டித்துச் சொல். பாடுகிறவர்களும் இப்படித்தான் வேகத்தின் அளவான காலப்பிரமாணத்தைப் பிடிக்கிறோம். வாயில் தடுமாறாத சொற்கட்டு காலிலும் மெல்லப் பிடிபட்டுவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

நீ பொறுத்திருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம், முகத்தாலும் கையாலும் உணர்வைக் காட்டும் அபிநயம். பன்னிரண்டு வயதுப் பெண் க்ஷேத்ரக்ஞரின் காதல் பாடலான பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது, கை முத்திரை பிசகாமல் இருந்தாலும் முகத்தில் தெரிவது பெரும்பாலும் அவளுடைய ஆசிரியரின் முகமே. அது அவள் குற்றமன்று. காத்திருப்பதும் ஊடுவதும் பிரிந்து வாழ்வதும் என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது. உனக்குத் தெரியும். அந்த இடத்துக்கு நீ வரும் நாளில் உன் வயது உனக்குத் துணை நிற்கும். அடிப்படை அசைவுகளான அடவுகள் உறுதிப்படாமல் அங்கே போக முடியாது என்பதால்தான் இப்போதைய சலிப்பை நீ கடக்க வேண்டும் என்கிறேன்.

பெரியவர்களுக்கென்று தனி வகுப்பு நடத்த முடியுமா என்று உன் ஆசிரியரிடம் மரியாதையோடு கேட்டுப் பார். அரங்கேற்றத்துக்குத் தேதி குறித்து அவசரப்படுத்துபவர் எவராக இருந்தாலும் அவரிடம் போகாதே. அரங்கேற்றம் இல்லாமலே வாழ்நாள் முழுவதும் நாட்டியம் பயிலலாம், அப்படிப் பயில்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். கல்லூரியில் கிரிக்கெட் விளையாடி வலது முழங்காலில் அடிபட்டதை ஆசிரியரிடம் இதுவரை சொல்லாமல் இருந்தால் அடுத்த வகுப்பிலேயே சொல்லிவிடு. முழுவதும் தாழ்ந்து அமரும் முழுமண்டி அடவுகளை உனக்கு எப்போது தொடங்கலாம் என்று அவர் என்ன சொல்கிறார் என்பதை எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா