பால்பா போய் வந்தோம்: உங்கள் எல்லாருக்கும் நன்றி

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியிலிருந்து உதவிய அத்தனை பேருக்கும் தோத்திரம்.

நேபாளத்தின் பால்பா மாவட்டத்துக்கு மருத்துவ முகாமில் உதவப் போன நாங்கள் எல்லாரும் சுகமாக ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். வந்த நாளிலிருந்து கடைத்தெருவிலும் பஸ் ஸ்டாண்டிலும் "எப்படி இருந்தது சிஸ்டர்?" என்று கேட்கிறீர்கள். நின்ற இடத்தில் சொல்லி முடிகிற கதையில்லை. நன்றி சொல்ல வேண்டிய கடனும் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி போதகர் ஐயாவுக்கு. 2025 செப்டம்பரில் நேபாளத் தலைநகர் காட்மாண்டுவில் சமூக ஊடகத் தடையை எதிர்த்து இளைஞர்கள் தெருவுக்கு வந்ததும், முதல் நாளே 19 பேர் சுடப்பட்டு இறந்ததும், மறுநாள் நாடாளுமன்றமே எரிந்ததும் டிவியில் பார்த்தீர்கள். பிரதமர் ஒலி பதவி விலகி, முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமரானார். அந்த வாரம் எனக்கு வந்த போன் எல்லாம் "டிக்கெட்டை கேன்சல் பண்ணுங்க" என்றுதான். ஐயா மட்டும், "அங்கே இருக்கிற சபையிடம் கேளுங்கள். அவர்கள் வரச் சொன்னால் போங்கள், வேண்டாமென்றால் வீட்டில் இருங்கள்" என்றார். அவர்கள் வரச் சொன்னார்கள்.

அப்புறம் பணம். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரே பூசணிக்காயை வாங்கியவர் வாங்கியவராகத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்தீர்களே, அந்தப் பூசணிக்காய்தான் எங்களை எல்லை தாண்டவைத்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் முறுக்கு சுட்டு விற்ற காசு மருந்துக்குப் போனது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகளைப் பெட்டி பெட்டியாக இனாமாகக் கொடுத்தவர் மார்க்கெட் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கும் பாய். "ஊழியத்துக்கா சிஸ்டர்? எனக்கும் சேர்த்து துஆ செய்யுங்க" என்றார். செய்தோம். வரவு செலவுக் கணக்கு சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

போன வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில், அங்கிருந்து சோனௌலி எல்லைக்கு பஸ். நமக்கு விசா தேவையில்லை, வாக்காளர் அட்டை போதும். எல்லை தாண்டியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். நம் நூறு ரூபாய் அங்கே நூற்று அறுபது. புட்வல் ஊருக்கு மேலே சித்தபாபா மலைச்சரிவில் மண் சரிந்து சரிந்து பாதை அடைபடும். இப்போது அங்கே சுரங்கப்பாதை வேலை நடக்கிறது. அதையும் தாண்டி ஏறினால் பால்பா மாவட்டத்துத் தலைநகர் தான்சேன்.

1999-ல் நான் அங்கே முதன்முறை போனபோது அது மன்னர் ஆண்ட இந்து ராஜ்யம். மாவோயிஸ்ட் சண்டை தொடங்கியிருந்த நேரம். இருட்டினால் யாரும் வெளியே வர மாட்டார்கள். நோயாளியை மூங்கில் கூடையில் உட்காரவைத்து, நெற்றிப் பட்டையில் பாரம் தாங்கி, முதுகில் சுமந்துகொண்டு மலை இறங்கி வருவார்கள். பத்து வருடச் சண்டையில் 13,000 பேருக்கு மேல் செத்தார்கள். 2006-ல் தான்சேன் அரண்மனையையே எரித்துவிட்டார்கள். இப்போது அதைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் 2008 மே மாதத்தோடு மன்னராட்சி போய்விட்டது. கூடைகளையும் காணோம், ஜீப் வீட்டு வாசல்வரை வருகிறது. டீக்கடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. ஆனால் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கத்தார், மலேசியா, சவுதி என்று பிள்ளைகள் போய்விட்டார்கள். கிழவிகளும் பேரக்குழந்தைகளும்தான் ஊரைக் காக்கிறார்கள்.

வியாதியும் மாறிவிட்டது. அப்போது காசம், தொழுநோய், வயிற்றுப்போக்கு. இந்த முகாமில் பார்த்ததெல்லாம் பிரஷர், சர்க்கரை, சிறுநீரகம். ஒரு பையன் வந்தான், முப்பதுகூட இருக்காது. வளைகுடாவில் சாரம் கட்டும் வேலை. காலைக் காட்டினான். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினேன், குழி விழுந்தது, விழுந்த குழி எழும்பவே இல்லை. பிரஷர் 180-க்கு 110. "அங்கே தண்ணீர் குடிப்பாயா?" என்று மொழிபெயர்ப்பவளிடம் கேட்கச் சொன்னேன். கழிப்பறை தூரம், போய் வந்தால் மேஸ்திரி திட்டுவான், அதனால் குடிக்க மாட்டேன் என்றான். நம் உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்களும் இதையேதான் என்னிடம் சொல்வார்கள். அவனை அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு அனுப்பினோம். டயாலிசிஸ் தேவைப்பட்டால் நேபாள அரசே இலவசமாகச் செய்கிறது. சின்ன நாடு, பெரிய காரியம்.

முகாமை நடத்தியது நாங்கள் இல்லை. வெளிநாட்டு மருத்துவர்கள் அங்கே வைத்தியம் பார்க்க நேபாள மருத்துவ கவுன்சில் அனுமதி வேண்டும், அது சரியான சட்டம்தான். உள்ளூர் டாக்டர்தான் பார்த்தார். நாங்கள் பெயர் எழுதினோம், எடை பார்த்தோம், வரிசையை ஒழுங்குபடுத்தினோம், பாத்திரம் கழுவினோம். எனக்கு மொழிபெயர்த்துச் சொன்ன நர்ஸ் பெண் இங்கிலாந்து போக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். வாய் வரை வந்தது, போகாதே என்று சொல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் நர்ஸ் வேலைக்கு வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு பெரியவர் கேட்ட கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "அவ்வளவு தூரம் போய் ஒரு சுவிசேஷக் கைப்பிரதிகூடக் கொடுக்காமலா வந்தீர்கள்?" என்றார். ஆமாம் ஐயா, கொடுக்கவில்லை. 2015 அரசியலமைப்பு நாட்டை மதச்சார்பற்றது என்கிறது, அதே அரசியலமைப்பு மதம் மாற்றுவதையும் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி அதற்கு ஐந்து வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். நாங்கள் பிரதியைக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிடுவோம். போலீஸ் வந்து கதவைத் தட்டுவது அந்த ஊர் பாஸ்டர் வீட்டில். அந்தத் தைரியம் எனக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு நம் பிரசங்கம் தேவையாகவும் இல்லை. 1961 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் ஐந்நூறு கிறிஸ்தவர்கள்கூட இல்லை. 1990 வரை மதம் மாறினவனுக்கே சிறைத் தண்டனை. 2021 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். அந்தப் பாஸ்டரின் அப்பா சிறையில் இருந்தவர். அதை அவர் சொல்லவில்லை, அவருடைய மனைவி சோறு போடும்போது பேச்சுவாக்கில் சொன்னார். நான் போய் அவருக்கு விசுவாசத்தைப் பற்றி என்ன சொல்லிக்கொடுக்க?

சனிக்கிழமை அங்கே வார விடுமுறை, ஆராதனையும் அன்றுதான். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்தோம், பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். மாதல் என்ற கைமேளம் அடித்துப் பாடுகிறார்கள். எங்களையும் பாடச் சொன்னார்கள். நாங்கள் ஒரு பழைய கீர்த்தனையை நம் வழக்கப்படி இழுத்து இழுத்துப் பாட, மேளக்காரத் தம்பி இரண்டு அடி பொறுத்துப் பார்த்தான், பிறகு தன் தாளத்தில் அடித்துவிட்டான். கீர்த்தனை ஓட்டமாக ஓடியது. பிந்திப்போன நாங்கள்தான் மூச்சு வாங்கினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி கோர்க்கா பக்கத்தவர். அந்தப் பக்கத்தை மையமாகக் கொண்ட 2015 ஏப்ரல் நிலநடுக்கமும் ஒரு சனிக்கிழமை ஆராதனை நேரத்தில்தான் வந்தது. அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். "பாடிக்கொண்டிருந்தோம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சபைக்குத் தனியாக நன்றி. குளிரில் எங்களுக்குத் தங்கள் கம்பளிகளைக் கொடுத்துவிட்டு அவர்கள் எதைப் போர்த்திக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. தினமும் இரண்டு வேளை பருப்பும் சோறும் பொங்கிப் போட்ட தீதி (அக்கா), நாங்கள் கொண்டுபோன ரசப்பொடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது மருந்தா?" என்று கேட்டார். மீதிப் பொட்டலத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தோம், சளிக்கு நல்லது என்று சொல்லி.

போட்டோ கேட்கிறவர்களுக்கு: அங்குள்ளவர்களின் முகம் தெரிகிற படம் எதையும் வெளியே தர மாட்டோம். மலையின் படங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள். வருகிற ஞாயிறு மாலை ஆராதனை முடிந்ததும் பாரிஷ் ஹாலில் உட்கார்ந்து பேசலாம். பாய் கொடுத்த ஸ்ட்ரிப்புகள் தீர்ந்துபோயின. தான்சேனில் விலை அதிகம், மாதாமாதம் வாங்கி அனுப்ப யாராவது பொறுப்பெடுத்தால் அன்றைக்கே பெயர் கொடுத்துவிடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஓய்வு பெற்ற உங்கள் நர்ஸ் சகோதரியும் குழுவினரும்