தேயவே தேயாது என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த ஞாயிறு இணைப்பின் ஏழாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. "வைரப் பூச்சு பூசிய இயந்திர பாகங்கள் தேயவே தேயாது, எண்ணெயும் வேண்டாம்" என்று அதில் ஒரு வரி. மூன்று மாதங்களுக்கு முன் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையிலும் இதே வரி இருந்தது. அன்றைக்கே சுருக்கென்றது. சரி, ஒரு தடவை தவறுவது எல்லோருக்கும் உள்ளதுதான் என்று விட்டுவிட்டேன். மறுபடியும் அதையே போட்டிருப்பதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கோவை கணபதியில் 19 வருடமாக கிரைண்டிங், லேப்பிங், பாலிஷிங் ஜாப் ஒர்க் செய்து வருகிறேன். பூச்சு போடுவது நானில்லை. மெஷினில் உரசி ஓடும் பின் என்கிற சிறு தண்டு, உள்ளே தள்ளி இழுக்கும் பிளஞ்சர் போன்ற பாகங்களைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றி கோட்டிங் சென்டருக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் சோதித்துக் கொடுப்பேன். நாங்கள் டி.எல்.சி. என்று சொல்லும் அந்தக் கரிப் பூச்சைத்தான் நீங்கள் வைரப் பூச்சு என்று எழுதுகிறீர்கள். அது வைரம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வைரத்தில் உள்ள அணுப் பிணைப்பும் பென்சில் கரியில் உள்ள அணுப் பிணைப்பும் ஒழுங்கில்லாமல் கலந்து கிடப்பது அது. பல வகைகளில் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும். வைரம் போன்ற கரிப் பூச்சு என்று எழுத இடம் பற்றாதா? போதாக்குறைக்கு அந்தக் கட்டுரைக்கு நீங்கள் போட்ட படத்தில் தங்க நிறத்தில் டிரில் பிட்டுகள் மின்னின. அது டைட்டானியம் நைட்ரைடு. கரிப் பூச்சு கறுப்பாக இருக்கும் ஐயா.

படத்தை விடுங்கள். அந்த வரியால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உணவுப் பொருள் நிரப்பும் மெஷின் செய்கிற ஒருவர் பல வருடமாக என்னிடம் வேலை கொடுப்பவர். உணவில் எண்ணெய் சொட்டக்கூடாது என்பதால் அந்த மெஷினின் பின்கள் எண்ணெய் இல்லாமல் ஓட வேண்டும். அதற்குத்தான் கரிப் பூச்சு. வழக்கமாக இ.என்.31 என்ற வகை இரும்பை, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60 (எச்.ஆர்.சி.) வரை கடினப்படுத்திக் கொண்டு வருவார். இந்த முறை கடினப்படுத்தாத இ.என்.8 என்ற வேறு வகை இரும்பில் 40 பின் கடைந்து எடுத்து வந்தார், கையில் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு. "எதுக்குங்க ஹார்டனிங் செலவு, பூச்சே வைரமாட்டம் நிக்கும்னு பேப்பர்ல போட்டிருக்குங்களே" என்றார்.

நானும் எவ்வளவோ சொன்னேன். அந்தப் பூச்சின் கனம் இரண்டு மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். இட்லி மேல் ஒரு அப்பளத்தை வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் மொறுமொறுப்பாக இருந்து என்ன பயன், அடியில் இட்லி அமுங்கினால் மேலே அப்பளம் நொறுங்கும். இரும்பு மெத்தென்று இருந்தால் பூச்சுக்கும் அதே கதிதான். அவர் கேட்கவில்லை. அச்சில் வந்ததை நம்புவாரா, பட்டறைக்காரன் சொல்வதை நம்புவாரா?

ஆறாவது வாரம் பின்களைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். ஒவ்வொன்றிலும் சுமை விழும் பக்கத்தில் நகக்கண் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து வெள்ளை இரும்பு தெரிந்தது. ஓரங்களில் மீன் செதில் மாதிரி விரிசல். விரலால் தொட்டால் கறுப்புப் பொடி ஒட்டியது. அதிலும், பெயர்ந்த சில்லுகள் கண்ணாடித் தூள் மாதிரி இருந்து மிச்சத்தையும் கீறியிருந்தன. "பாலிஷிங் சரியில்லை" என்று சொல்லி என் கூலியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பட்டறையில் 12 வருடமாக பாலிஷ் போடும் அக்கா பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பணம் போனதைவிட அதுதான் பெரிதாக வலித்தது.

அந்த அக்கா செய்யும் வேலையைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. "இயந்திரமே அனைத்தையும் பார்த்துக்கொள்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். வெற்றிட அறைக்குள் பூச்சு ஏறுவதற்கு முன்னால் அந்தப் பரப்பில் ஒரு மேடு நீட்டிக்கொண்டிருந்தால் போதும், சுமை முழுவதும் அதன் உச்சியில் விழுந்து அங்கிருந்துதான் உடைய ஆரம்பிக்கும். அதனால்தான் வைரப் பசையை மூன்று நான்கு தரத்தில் மாற்றி மாற்றித் தேய்க்கிறார். கழுவிய பிறகு வெறும் கையால் தொட விடமாட்டார். முன்பு ஒரு பையன் அவசரத்தில் கையுறை இல்லாமல் ஒரு பிளஞ்சரை எடுத்து வைத்துவிட்டான். பூச்சு ஏறித் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் மட்டும் உரிந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவன் கட்டைவிரல் ரேகை வரிவரியாக அப்படியே தெரிந்தது. அந்தப் பிளஞ்சரை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்ட.

இப்போது அந்த 'தேயவே தேயாது' விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பூச்சு தேயும். கொஞ்சம் தேய்வதால்தான் அது வழுக்கவே செய்கிறது. ஓட ஆரம்பித்ததும் பூச்சின் மேல்தோல் துளி தேய்ந்து, எதிரே உரசும் இரும்பில் மெல்லிய கரிப் படலமாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்கப்புறம் கரியின் மேல் கரி ஓடுகிறது, உராய்வு இறங்குகிறது. முதல் சில மணி நேரம் அது பழகும்வரை பொறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் சொல்லித்தான் அனுப்புகிறேன். நீங்கள் அப்படி எழுதியதால், துடைத்த துணியில் கறுப்பு பட்டதும் "பூச்சு போச்சு" என்று போன் செய்கிறார்கள்.

உராய்வுக் கெழு (உராய்வு விசையை அழுத்தும் சுமையால் வகுத்த எண்) 0.001 என்றும் போட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் அலி எர்டெமிர் குழுவினர் அந்த அளவைக் காட்டியது உண்மை. ஹைட்ரஜன் நிறைந்த பூச்சில், ஈரமில்லாத நைட்ரஜன் வாயுவுக்குள் வைத்துப் பார்த்த அளவு அது. நம் பட்டறைக் காற்றில் ஈரம் இருக்கிறது, அங்கே 0.05-லிருந்து 0.2 வரை நிற்கும். ஹைட்ரஜன் இல்லாத பூச்சோ இதற்கு நேர் எதிர். ஈரக் காற்றில் நன்றாக ஓடும், வெற்றிடத்தில் பிடித்துக்கொள்ளும். எந்தப் பூச்சு, எந்தக் காற்று என்று சொல்லாமல் ஒரு எண்ணை மட்டும் போட்டால் படிக்கிறவர் என்ன செய்வார்?

காற்றின் ஈரம் பற்றி உங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறேன். இரண்டு வருடம் முன் உங்கள் கேள்வி-பதில் பகுதியில், பென்சில் கரி அடுக்கடுக்காக இருப்பதால் தானாகவே வழுக்குகிறது என்று பதில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் ஜெனரேட்டர் கரி பிரஷ்கள் சில மணி நேரத்திலேயே பொடியாக உதிர்ந்தன, அங்கே காற்றில் ஈரம் இல்லாததுதான் காரணம் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரி கூட வரவில்லை. நடிகர் ஒருவரின் காரைப் பற்றி வந்த கடிதத்துக்கு அந்த வாரம் அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். அதைச் சொல்லிக்காட்டக் கூடாதுதான், ஆனாலும் மனதில் நிற்கிறது.

எண்ணெய் வேண்டாம் என்பதும் அப்படித்தான். கணினியின் ஹார்ட் டிஸ்கில் சில நானோமீட்டர் கனத்தில் கரிப் பூச்சு உண்டு. அதன் மேலும் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் கனத்தில் மசகு தடவித்தான் விற்கிறார்கள். நிசான் நிறுவனம் 2000-களின் நடுவில் எஞ்சினில் வால்வைத் தள்ளும் டேப்பட்டுகளுக்கு ஹைட்ரஜன் இல்லாத கரிப் பூச்சு கொண்டுவந்தபோது, அதற்கேற்ற எண்ணெயையும் சேர்த்தே உருவாக்கியது. உராய்வைக் குறைக்க எஞ்சின் எண்ணெயில் சேர்க்கும் ஒருவகை மாலிப்டினக் கலவை, ஹைட்ரஜன் கலந்த பூச்சு இரும்போடு உரசும் இடத்தில் அந்தப் பூச்சைச் சீக்கிரமே தேய்த்துவிடும். எண்ணெய் மாறினாலே பூச்சின் ஆயுள் மாறுகிறது என்றால், எண்ணெயைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று எப்படி எழுத முடிகிறது?

பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ராக்வெல் கடினச் சோதனை மெஷினின் கூர்முனையால் 150 கிலோ சுமையில் ஒரு குத்து வைத்து, அந்தக் குழியைச் சுற்றி விரிசல் மட்டும் விழுந்திருக்கிறதா, பூச்சே பெயர்ந்திருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்து, 1 முதல் 6 வரை தரம் போடுவோம். நான்குவரை தேறும். ஐந்தும் ஆறும் தள்ளுபடி. உங்கள் நிருபர் ஒரு நாள் வந்தால் உட்காரவைத்துக் காட்டுகிறேன். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றியும் விடுகிறேன்.

நான் கேட்பது பெரிய மறுப்பு அல்ல. வரும் ஞாயிறு, அதே ஏழாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இரண்டு வரி போடுங்கள்: "வைரம் போன்ற கரிப் பூச்சு மெதுவாகத் தேயும். அடியில் உள்ள இரும்பைக் கடினப்படுத்தி, மெருகேற்றிய பிறகே பூச வேண்டும்." அடுத்து யாராவது உங்கள் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தால், எடுத்துக் காட்ட என் கையிலும் ஒரு துண்டு வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கணபதி, கோயம்புத்தூர்.