எழுத்து அட்டை கவர் பத்தி

அன்பான அப்பா அம்மாமாருக்கு வணக்கம்,

இந்த லீவு தமிழ் வகுப்புல பிள்ளைங்க ஆளுக்கு ஒரு கவர் எழுத்து அட்டையோட வீட்டுக்கு வந்திருப்பாங்க, டீச்சர்ங்க பழைய காலண்டர் அட்டைய வெட்டி எழுதினது, தயவுசெஞ்சு குப்பைனு தூக்கிப் போட்டுடாதீங்க. கலைஞ்சு கிடக்கிற எழுத்த அடுக்கி சொல்லாக்கணும், அதான் வீட்டுப்பாடம். பிள்ளை ரெண்டு நிமிஷம் முழிச்சதும் பாவமேனு விடையச் சொல்லிடுறீங்க. சொல்லாதீங்க, வழிய மட்டும் காட்டுங்க.

போன வாரம் மூணாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு, கன்னத்துல பூசின தனகா மரப்பட்டைச் சாந்து கூட காயல, பாயில உக்காந்து ர, கு, ங், கு நாலு அட்டையையும் மாத்தி மாத்தி வச்சுக்கிட்டே இருந்துச்சு. அத 12 விதமா அடுக்கலாம். நான் கேட்டது ஒண்ணுதான், ங்-க்குப் பின்னாடி யாரும்மா வருவா? டக்குனு கு-வ எடுத்து ஒட்டி வச்சுச்சு. சொல்லு ங்-லயும் ஆரம்பிக்காது, ர-லயும் ஆரம்பிக்காது, அப்ப மிச்சமிருக்கிற கு தான முதல்ல? குங்குர, குரங்கு, ரெண்டே ரெண்டு. கண்டுபிடிச்சதும் அது சிரிச்ச சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஞ்-க்கு ச, ண்-க்கு ட, ந்-க்கு த, ம்-க்கு ப, ன்-க்கு ற, இந்த ஜோடிய முதல்ல சேக்கச் சொல்லுங்க, இல்லன்னா பெரும்பாலும் அம்மா அண்ணன் மாதிரி அதே எழுத்தே இரட்டிக்கும். க் ச் ட் த் ப் ற் கடைசில நிக்காது. ம், ல், ன், ர் தனியா மிஞ்சினா கடைசில வச்சுப் பாக்கலாம்.

அப்ப ரங்கூன் மட்டும் ர-ல ஆரம்பிக்குதே டீச்சர்னு ஒருத்தன் கேட்டான், எனக்கு அவ்ளோ சந்தோஷம்! அது வெளிபாஷை பேரு, அதான் பழைய புத்தகங்கள்ல இரங்கூன்னு எழுதினாங்க.

சின்னதுங்க தெ, கே மாதிரி எழுத்துல கொம்ப தனி எழுத்தா நினைச்சுக்குதுங்க. பர்மா எழுத்துலயும் முன்னாடி எழுதி பின்னாடி படிக்கிற கொம்பு இருக்குல்ல, ஸ்கூல் நோட்ட எடுத்து அதக் காட்டுங்க, சட்டுனு புரிஞ்சிடும்.

ராத்திரி சாப்பிட்டப்புறம் பத்து நிமிஷம் போதும், போனத் தூர வச்சிட்டு நீங்களும் பாயில உக்காருங்க, தமிழ் படிக்கத் தெரியாதவங்களும் உக்காரலாம், பிள்ளை சொல்லிக் குடுக்கும்.

ஞாயித்துக்கிழமை கவர மறக்காம குடுத்து விடுங்க. இந்த வாரம் உள்ள இருக்கிறது ந, க, ர, ம். ரெண்டு சொல்லு வரும், ஒண்ணு கிடைச்சதும் எந்திரிக்க விடாதீங்க.

அன்புடன்,
தலைமையாசிரியர்
யாங்கோன்