'ரூயின்ஸ்' பிறக்கத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அமெரிக்க இசைக்கலைஞர் லிஸ் ஹாரிஸ் அவர்களுக்கும், 'குரூப்பர்' என்ற பெயரில் அவர் பாடிய 'ரூயின்ஸ்' இசைத்தொகுப்பு எங்கள் காதுவரை வந்துசேர உதவிய எல்லோருக்கும் வணக்கம். வீட்டறையில் ஒற்றை மைக் வைத்துப் பாட்டுப் பதிவு செய்பவர்கள் நாங்கள். இந்தத் தொகுப்பில் யார் என்ன செய்தார்கள் என்பதோடு, யார் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதற்காகவும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் லிஸ்பனில் உள்ள 'ஸே தோஸ் போய்ஸ்' கலைக்கூடத்தாருக்கு. 2011இல் போர்ச்சுகலின் தென்மேற்குக் கரையோரம், அல்ஜெஸூரில், அவர் தங்கி வேலைசெய்ய ஏற்பாடு செய்து கொடுத்தவர்கள் நீங்கள்தான். அங்கிருந்து கடற்கரைக்கு நடந்துபோகும் வழியில் பழைய பண்ணை வீடுகளும் ஒரு சிற்றூரும் இடிந்து கிடந்தன. அந்த நடையும் அந்த வெறுமையும் பாட்டில் இறங்கியிருக்கின்றன. நல்ல ஸ்டுடியோ ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

கருவி என்று பார்த்தால் ஒரு அப்ரைட் பியானோ, ஒரு சோனி ஸ்டீரியோ மைக், தூக்கிப் போகக்கூடிய ஒரு 4 டிராக் ரெக்கார்டர் (ஒரே டேப்பில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் கருவி), அவ்வளவே. சுலபமாகத் தெரியும், ஆனால் மெல்லப் பாடும் குரலைப் பதிவதுதான் கடினம். குரல் சிறிதாக இருப்பதால் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவை, ஏற்றுகிறோம், கூடவே இரைச்சலும் ஏறுகிறது. மைக்குக்கு நெருங்கிப் பாடினால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். தள்ளி நின்றால், தூரம் இரட்டிக்கும்போது குரல் சுமார் 6 டெசிபல் இறங்கிவிடும். அறையும் தெருவும் உள்ளே நுழையும். டால்பி போன்ற இரைச்சல் குறைப்பு இல்லாத கேசட்டில், இரைச்சலுக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி சுமார் 50 டெசிபல்; சிடியில் அது 96. இரண்டு டிராக்கை ஒன்றாக்கி இன்னொரு டிராக்குக்கு மாற்றினாலோ இரைச்சலும் சேர்ந்தே மாறும்.

இந்த நிலையில் எல்லோரும் செய்வது, பிறகு கணினியில் சுத்தம் செய்வது. குறித்த அளவுக்குக் கீழே போகும் ஒலியை அடைத்துவிடும் 'நாய்ஸ் கேட்' போட்டால் சொற்களின் வால் அறுந்துபோகும். இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டால் பியானோ நாதம் அடங்கும் இடம் சிதையும். ஏனென்றால் அந்த நாதத்தின் கடைசி ஒன்றிரண்டு விநாடி இரைச்சலுக்கும் கீழேதான் ஓடுகிறது. காதுக்கு அது கேட்கும், மென்பொருளுக்கு அது குப்பை. ஹாரிஸ் அவர்களே, நீங்கள் அதில் கை வைக்கவில்லை. தவளைச் சத்தம் அப்படியே இருக்கிறது. 'ஹோல்டிங்' முடியும் இடத்தில் மழை அப்படியே இருக்கிறது. புயலில் மின்சாரம் தடைபட்டதை ஒட்டி மைக்ரோவேவ் அடுப்பு எழுப்பிய 'பீப்' கூட 'லாபிரிந்த்' முடிவில் அப்படியே நிற்கிறது. பியானோ மட்டுமே ஒலிக்கும் ஒரு துண்டில், அது அடங்கிவரும் நேரத்தில் அந்தச் சத்தம் விழும்போது, பாடியவர் ஒரு வீட்டுக்குள் இருக்கிறார் என்பது சட்டென்று உறைக்கிறது. வெட்டி எறிய ஒரு நிமிடம் போதும். வெட்டாமல் விட்டதற்கு நன்றி.

சிகாகோவில் தொடங்கிய 'கிராங்கி' இசை வெளியீட்டு நிறுவனத்தாருக்கும் நன்றி. 1993இலிருந்து இப்படிப்பட்ட மெல்லொலி இசைக்கு இடம்கொடுத்து வருபவர்கள். பதிவாகி மூன்று ஆண்டுகள் கழித்து, 2014 அக்டோபர் 31 அன்று, மெருகு போட்டுக் கெடுக்காமல் வெளியிட்டீர்கள்.

கைம்மாறாக எங்களால் முடிந்தது, புதிதாகக் கேட்க வருபவர்களுக்குச் சில குறிப்புகள் சொல்வது. செல்போன் ஸ்பீக்கரில் தொடங்க வேண்டாம். முதல் துண்டில் இருப்பது தாழ்ந்த முரசு. சிறிய ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது, தவளை மட்டும் மிஞ்சும். செயலியில் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கத்தோடு கலக்கும் வசதியை) நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பாட்டுகளுக்கு இடையிலுள்ள மௌனம் காணாமல் போகும். ஒவ்வொரு பாட்டின் ஒலியளவையும் சமப்படுத்தும் வசதியையும் அணைத்துவிடுங்கள். குறைந்த பிட்ரேட் எம்பி3 வேண்டவே வேண்டாம். டேப் இரைச்சலைச் சுருக்கும்போது அது நீருக்கடியில் சலசலப்பதுபோல் மாறிவிடும். ஒலியளவை எங்கே வைப்பது? தவளைகள் ஜன்னலுக்கு வெளியே கத்துவதாகத் தோன்றும் அளவில் வையுங்கள். குரல் சிறிதாகத்தான் இருக்கும். சொற்கள் பிடிபடவில்லையே என்று ஏற்ற வேண்டாம்; நாலைந்து முறை கேட்டால் தானாகப் பிடிபடும். எல்பி இசைத்தட்டு வாங்குபவர்கள் முதலில் ஊசியைத் துடைத்து, இசைத்தட்டைக் கார்பன் பிரஷ்ஷால் ஒரு சுற்று சுத்தம் செய்துவிட்டு ஓட்டுங்கள். இவ்வளவு அமைதியான இசையில் தூசியின் ஒவ்வொரு 'டிக்'கும் கேட்கும்.

இன்னொரு நன்றி, ஹாரிஸ் அவர்களின் அம்மாவுக்கு. எட்டுத் துண்டுகளில் கடைசியான 'மேட் ஆஃப் ஏர்' மட்டும் அல்ஜெஸூரில் பதிவானதல்ல. 2004இல் உங்கள் வீட்டில் பதிவானது. 11 நிமிடத்துக்கு மேல் நீளும் அதில் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் கிடையாது, ஒன்றில் ஒன்று கரையும் நீண்ட சுரங்கள்தான். மற்ற ஏழைக் கேட்டவர்களில் சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறோம்.

அன்புடன்,
கேட்பவர்களில் சிலர்