மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸின் திறந்த மடல்

மருத்துவமனைகளை நடத்தும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

கொரோனாவெல்லாம் ஓய்ந்து இத்தனை வருடம் கழித்து இப்போது என்ன மடல் என்று கேட்பீர்கள். போன வாரம் எங்கள் வார்டுக்கு ஒரு சர்க்குலர் வந்தது. அடுத்த பெருந்தொற்று வந்தால் என்னென்ன கைவசம் இருக்க வேண்டும் என்று ஆக்சிஜன், வென்டிலேட்டர், பி.பி.இ. கிட் என்று இரண்டு பக்கம். ஊழியர்களின் மனநலத்துக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி: தேவைப்படுவோர் ஆலோசகரை அணுகலாம். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

2021 மே மாதம், இரண்டாவது அலை. வாசலில் 108 வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே ஒரு பெட் காலியில்லை. பதினாலாம் பெட் பெரியவர் விடிகாலை நாலரைக்குப் போய்விட்டார். வீட்டுக்குத் தகவல் சொல்வது டாக்டர் வேலை, அவரோ அடுத்த கேஸில் இருந்தார். ஏழு மணிக்கு டியூட்டி முடிந்து கிட்டைக் கழற்றிவிட்டுக் கீழே வருகிறேன், கேட்டில் அவர் மகன் நிற்கிறார். கையில் ஒயர்கூடை, அதில் ஒரு ஃபிளாஸ்க், மூடியில் பிளாஸ்திரி ஒட்டி அப்பா பெயரும் பெட் நம்பரும். உள்ளே கபசுரக் குடிநீர். "சூடா குடுத்துருங்க சிஸ்டர், ஆறிட்டா குடிக்க மாட்டாரு" என்றார். நான் சரி என்று தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

சாவு எங்களுக்குப் புதிதில்லை, பார்த்துப் பழகியவர்கள்தான். ஆனால் அன்றைக்கு ஆட்டிய அந்தத் தலையை நினைத்தால் இன்றும் தூக்கம் கலைகிறது. கூடையோடு மாடியேறி லினன் ரூமுக்குள் போய் பெட்ஷீட் அடுக்கில் முகம் புதைத்து அழுதேன். அந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி அழும்போது இன்னொருத்தி வெளியே காவல் நிற்பாள், அப்புறம் ஆள் மாறிக்கொள்வோம்.

ஆலோசகர் அப்போதும் இருந்தார், நம்பர் நோட்டீஸ் போர்டில் தொங்கியது. பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுவிட்டு வருகிறவள் எப்போது கூப்பிடுவாள்? கூப்பிட்டால் மேலே தெரியுமா, தெரியாதா? எங்களில் பாதிப்பேர் ஒப்பந்தம். "எனக்குத் தூக்கமே வரலை, கை நடுங்குது" என்று வாய்விட்டுச் சொன்னால் அடுத்த ஆறு மாதத்துக்கு ஆர்டர் போடுவார்களா என்ற பயம் சும்மா வந்ததில்லை. கொரோனாவுக்காக எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட நர்சுகளுக்குத் தமிழ்நாட்டில் 2022 டிசம்பர் 31-ஓடு வேலை முடிந்ததை ஊரே பார்த்தது.

மரியாதைக்குக் குறைவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 22 சாயங்காலம் நாடே கைதட்டியது. மே 3 அன்று ஹெலிகாப்டரில் பூத்தூவினார்கள். (பூ எங்கே விழுந்தது என்று எங்களைக் கேட்காதீர்கள், நாங்கள் உள்ளே இருந்தோம்.) இரண்டுக்கும் நடுவே ஏப்ரலில், தொற்றில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலஸை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. கூடவே வேலை பார்த்த டாக்டர் ராத்திரியில் தானே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். அந்தச் செய்தியை டியூட்டி ரூமில் மொபைலில் பார்த்த அன்று எங்களில் ஒருவரும் சாப்பிடவில்லை.

அதனால் "அணுகலாம்" வேண்டாம், ஐயா. வார்டில் சாவு நடந்த ஷிஃப்ட் முடிந்ததும் டியூட்டி நேரத்திலேயே அரை மணி கொடுங்கள், அதற்கு ரோஸ்டரில் ஆள் போடுங்கள். யார் என்ன பேசினார் என்று எந்த ஃபைலிலும் ஏறக்கூடாது. இறந்த தகவலைக் குடும்பத்துக்குச் சொல்வதற்கென்றே பழக்கப்படுத்திய ஒருவர் ராத்திரியிலும் இருக்கட்டும், அவர் இருந்திருந்தால் அந்த மகன் கஷாயம் காய்ச்சியிருக்க மாட்டார்.

உட்கார்ந்து பேச இடமில்லை என்பீர்கள். லினன் ரூமே போதும். உள்ளே ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டுக் கொடுங்கள்.